ஏழாம் நம்பர்

ராத்திரி ரெண்டே காலுக்கு மாரப்பன் கூப்பிட்டார்.
"ஏனுங் மேடம், கம்ப்யூட்டரு எதையும் எழுதிக்க மாட்டேங்குதுங்.
துணி ஏத்தியாச்சு, ரெசிப்பி வருலீங்."

வீட்டிலிருந்தே நுழையப் பார்த்தேன்.
வாசல் வரைக்கும் விட்டது, உள்ளே விடவில்லை.
ஸ்கூட்டரை எடுத்தேன்.
ஈங்கூரில் கேட் சாத்தியிருந்தது.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணத் தொடங்கி
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

சர்வர் ரூம் என்று பலகை இருக்கிறது.
உள்ளே பாதி இடம் பழைய ஷேடு கார்டுகளுக்கு.
ஏசி ரெண்டு, அதில் ஒன்று ஒழுகும்.
கீழே வைத்த பெயின்ட் வாளியைக் கொட்டுவதும் என் வேலை.
ஆர்டரில் அது இல்லை.

டிஸ்க் நூற்றுக்கு நூறு.
பெரியதிலிருந்து வரிசையாக அடுக்கச் சொன்னேன்.
முதலில் வந்து நின்றது ஒரே ஒரு லாக்,
நூற்றெழுபது ஜி.பி.
ஆறாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும்
வாரம் ஒருமுறை மடித்துச் சுருக்கு என்று எழுதியிருந்தேன்.
ஏழுக்கு எழுத விட்டுப்போயிருக்கிறது.

அழித்தேன்.
இடம் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் இதை நான் நம்பவில்லை.
பெயரை எடுத்தாலும்
யாராவது திறந்து பிடித்திருக்கும் வரை
ஃபைல் போகாது.
பட்டியலில் தெரியாது, இடத்தையும் விடாது.
பிடித்திருப்பது யார் என்று கேட்க ஒரு கட்டளை உண்டு.
கேட்டேன்.
ஏழாம் நம்பர் மிஷினின் சூடு பார்க்கும் ப்ரோகிராம்,
பதினோரு மாதமாக நிற்காமல் ஓடுகிறது.

நிறுத்தினால் தீர்ந்தது, ஒரு வரிதான்.
அடித்தேன். என்டர் மட்டும் பாக்கி.
அது பிடித்திருக்கிற பிடி வழியாகவே
உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கேட்டது அறுபது. இருப்பது ஐம்பத்தெட்டு.
கேட்டது அறுபது. இருப்பது ஐம்பத்தெட்டு.
நொடிக்கு நாற்பது தடவை,
போன புரட்டாசியிலிருந்து.

தை மாசம் நேவி ப்ளூ லாட் திரும்பி வந்தது.
குழந்தைவேல் மாஸ்டருக்குக் கண்ணு போயிருச்சு என்றார்கள்.
"மிஷினப் பாருங்கப்பா" என்று அவர் சொன்னது
எனக்கே கேட்டது, கேன்டீனில்,
டீயோடு நின்றிருந்தேன்.
சம்பளத்தைக் கணக்கு முடித்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

மிஷின் என்னிடமும் சொல்லியிருக்கிறது.
ஒரு நாளைக்கு முன்னூறு அலர்ட் மெயில்.
தொல்லை தாங்காமல் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டேன்.
நான்தான்.
அன்றைக்கு அது நல்ல வேலையாகத்தான் பட்டது.

"ஆச்சுங்களா மேடம்? துணி ஊறுதுங்."
பழைய அப்டேட் மிச்சங்களைக் கூட்டித் தள்ளியதில்
நாலு ஜி.பி. கிடைத்தது.
போதும், ரெசிப்பி இறங்கியது,
கீழே பம்புகள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கின.

ஏழில் எதுவும் ஏற்ற வேண்டாம் என்றேன்.
ஏன் என்று மாரப்பன் கேட்கவில்லை,
முகத்தை மட்டும் பார்த்தார்.

வெளி டிஸ்க்கைச் செருகி
பெயரில்லாத அந்த ஃபைலைப் படியெடுக்க விட்டேன்.
ஒரு மணி நேரம் என்றது, பிறகு மூன்று என்றது.
நடுவில் வாளியைக் கொட்டினேன்.
படி சரியா என்று ரெண்டு தடவை ஒப்பிட்டேன்.
சரி.
அதற்குப் பிறகுதான் என்டர்.
ஒரே மூச்சில் டிஸ்க் காலியானது.
விட்டுப்போன வரியை எழுதி மறுபடி ஓடவிட்டேன்.

மாஸ்டர் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது.
ஒரு ரிங் போனதும் வெட்டினேன்.
ஆறரை மணிக்கு என்னவென்று ஆரம்பிப்பது?
எட்டரைக்கு எம்.டி. வருவார், முதலில் அவர்.
இல்லை, முதலில் இவர்தான்.

ஃபோல்டரைத் திறந்தேன்.
படிக்காதவை தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம்.
திருப்பிவிடும் விதியை நீக்கினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை,
நேராக என்னிடமே வந்தது:
கேட்டது அறுபது.