வேறு பெயரில் சேமி

தனபாலன் அனுப்பிய படம் நாற்பத்தொரு கேபி.
ஏழெட்டுக் கைப்பேசி மாறி வந்த முனியாண்டி.
கிரீடம் சதுரம் சதுரமாய் உதிர்ந்து
மீசை நுனியும் பின்னாலிருந்த செம்பனை ஓலையும்
ஒரே பச்சைக் கறுப்பு.
“புதுக் கண்ணாடி மாட்டியிருக்கேன், லோரிக்கு.
முகம் மட்டும் போதும். வெள்ளை ஸ்டிக்கர்.
நாளைக்குக் குலை ஏத்தப் போகணும்.”

கோல கெட்டிலில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்
என் கடையில் மட்டும்தான்.
அதற்கு நிழல் தெரியாது.
வெட்டு, வெட்டாதே, அவ்வளவுதான் அதன் பாஷை.
அதனால் சாமியிடமிருந்து
முதலில் சாம்பலை எடுக்க வேண்டும்.

பட்டையை நூறுக்கு இழுத்தேன்.
இரண்டு விழி மட்டும் மிச்சம், முகம் எங்கோ போய்விட்டது.
நூற்றைம்பதில் மீசை கன்னமேறிக்
காதுவரை காடு.
நூற்று இருபத்தேழில் யாரோ ஒருவர் வந்தார்.
முனியாண்டிதானா என்று சொல்ல முடியவில்லை,
கோபமாக இருந்தார்,
அதுவே அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

கோடாக மாற்றச் சொன்னேன்.
மென்பொருள் ஆயிரத்து எழுநூறு புள்ளி வைத்தது.
அழித்தேன், அழித்தேன்.
புருவத்தில் அறுபது, மூக்கில் இருபது
என்று சம்பளம் பிடிப்பதுபோல் பிடித்து
நானூறுக்குக் கொண்டுவந்தபோது
இடது கன்னத்தில் ஒன்று நின்றது, சின்னதாய்.
எறும்போ, லென்ஸில் பட்ட மழைத்துளியோ,
அனுப்பி அனுப்பி ஏறிய அழுக்கோ.
மணி பத்தேகால்.
பக்கத்து டயர்க்கடையும் இழுத்துச் சாத்திவிட்டது.
விட்டுவிட்டேன்.

வெள்ளை ஸ்டிக்கரில் கறுப்பு என்பது ஓட்டை.
கண்ணை ஊசியால் நோண்டி எடுத்தேன்,
மீசையை உரித்தேன்,
கை பழக்கத்தில் அந்தப் பொட்டையும்.
அதை மட்டும் நோண்டாமல் விட்டிருந்தால்
கன்னம் கன்னமாகவே இருந்திருக்கும்.
இருபத்தைந்து ரிங்கிட் வாங்கினேன்.

அடுத்த வாரம் இன்னொரு லோரிக்காரர் வந்தார்.
“தனா வண்டியில இருக்கே, அதே முனி.
மச்சம் வச்சது.”
அப்புறம் மூன்று மோட்டார் சைக்கிள்,
ஒரு பள்ளி வேன்,
பசார் மாலாமில் அப்பம் சுடும் ரேவதியின் கேஸ் அடுப்பு.
ஒருவருக்கு மச்சத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்,
திருத்தம் என்றுதான் நினைத்தேன்.
திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
“இது வேற யாரோ.”

ஆடி பிறந்தது. கோவிலுக்குச் சாயம் அடித்தார்கள்.
இன்று செயலாளர் முத்தரசு பென்டிரைவோடு வந்தார்.
பத்தடிக்கு ஆறடி பேனர், திருவிழாவுக்கு.
பன்னிரண்டு எம்பி, ஒரு சதுரம்கூட உதிராத படம்.
ரத்தச் சிவப்பு உதடு, தங்கக் கிரீடம்,
இடது கன்னத்தில்
பளபளவென்று எனாமலில் ஒரு மச்சம்.
“பாரிட் புந்தார் வர்ணக்காரர் வச்சது.
முன்ன இருந்து அழிஞ்சுபோச்சாம்,
லோரியைப் பார்த்துத்தான் சரிபண்ணாராம்.
பேனர்ல தெளிவா வரணும், பாத்துக்கோம்மா.”

அவர் தே ஓ வாங்கப் போனார்.
நானூறு விழுக்காடு பெரிதாக்கினேன்.
மச்சத்துக்குள் தூரிகையின் ஒரு மயிர்
ஒட்டிக் காய்ந்திருந்தது.
அதன் நிழல் கூட இருந்தது.

அச்சுக்கு நிறத்தை மாற்றினேன்.
உதடு செங்கல்லாயிற்று, கிரீடம் கடுகாயிற்று.
மச்சம் மட்டும் மாறவில்லை.
முனி என்று பெயர் கொடுத்ததும் கேட்டது:
இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது.
அதை மாற்றவா?

வெளியே தனபாலனின் லோரி திரும்பியது.
காலை வெயில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்து
கண், மீசை வழியாக ஒழுகி,
அந்த ஊசிமுனைத் துளையிலும் புகுந்து
அவர் கைச்சட்டைமேல் ஒரு புள்ளி வைத்திருந்தது.
அவர் ஹாரன் அடித்தார்.
நான் சுட்டியிலிருந்து கையை எடுத்துக்
காட்டினேன்.