அறுபத்தைந்து விழுக்காடு

நாற்பத்தோராவது கடிதத்துக்குப் பதில் வந்தது:
"அன்புள்ள திருமதி ஒச்சப்பன்."
சத்தமாகப் படித்தேன்.
அப்பா சில்லறை எண்ணுவதை நிறுத்தி
"அது உங்கம்மால்ல?" என்றார்.

படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம்.
எங்களிடம் இருப்பது ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.
அந்த ஒ-வை இழுத்து நீட்டியதில்
எனக்கு முன்னால்
அப்பா ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டார்.

முந்தைய நாற்பதில்
இருபத்தாறு பேர் வாயே திறக்கவில்லை.
ஒன்பது பேரின் இயந்திரங்கள் பேசின:
விடுப்பில் இருக்கிறார், செப்டம்பரில் வருவார்.
ஐந்து பேர் "லைடர்" என்று தொடங்கினார்கள்.
லைடர் என்றால் வருந்துகிறோம்.
முதல் சொல்லிலேயே முடிந்துவிடும்,
மீதியைப் படிக்க வேண்டியதில்லை.
இந்த ஒரு வசதிக்காகவே
அந்த மொழியை எனக்குப் பிடித்திருக்கிறது.

அங்கே ஒன்று வாங்கினால் உச்சம்,
நான்கு என்றால் தப்பிப் பிழைத்தது.
என் எட்டரையை அவர்கள் சூத்திரத்தில் போட்டால்
ஒன்று புள்ளி ஒன்பது.
குறையக் குறைய நல்லதாம்.
தண்ணீருக்கும் அப்படி மதிப்பெண் போட்டால்
வைகைதான் வகுப்பில் முதல்.

சம்பளம் அறுபத்தைந்து விழுக்காடு,
வேலை முழுசு.
"மிச்ச முப்பத்தஞ்ச யாரு எடுத்துக்கிறா?"
உசிலம்பட்டி வண்டியில் இருபது வருடக் கண்டக்டர்,
கணக்கு இடித்தால் கைக்காசு வைக்கிறவர்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று:
வண்டியூர்க் கண்மாய்ச் சேற்றை அளந்த அன்று
அறையில் எத்தனை டிகிரி?

ஆய்வேட்டில் இருபத்தைந்து என்று இருக்கிறது.
எல்லார் ஆய்வேட்டிலும் இருபத்தைந்துதான்.
பரணில் ஏறிக் குறிப்பேட்டை எடுத்தேன்.
ஏப்ரல் பதினெட்டு. ஏசி ஓடவில்லை.
பென்சிலில் ஒரு முப்பத்தேழு,
மேலே என் வியர்வை விழுந்து
ஏழு கொஞ்சம் ஊறியிருந்தது.

முப்பத்தேழு என்று எழுதி அனுப்பிவிட்டேன்.
அப்புறம் விடிய விடிய
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டு நாளில் வந்தது:
நேர்காணல், செவ்வாய், உங்கள் நேரம் இரண்டரை.
அதே காலை பேப்பரில்:
செவ்வாய், நாகமலைப் பகுதி, பராமரிப்பு மின்தடை,
ஒன்பது முதல் ஐந்து வரை.

கோரிப்பாளையத்தில்
நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
ஜெனரேட்டர் உண்டு.
முபீனா அக்கா
ஊசி குத்தும் நாற்காலியை ஒழித்துக் கொடுத்தாள்.
கை நீட்டும் பலகையில் மடிக்கணினி.
பின்னால் சிறுநீர்க் குப்பிகள் தெரியாமல்
ஒரு பச்சைத் துண்டு.

இரண்டு இருபத்தெட்டு.
திரையில் என் முகம் மட்டும்.
வெளியே ஒருவர்
சுகர் ரிசல்ட் வந்துருச்சா என்று கேட்கிறார்.
"சும்மா இருங்க,
ஜெர்மனி வருது" என்கிறாள் அக்கா.

அவர்
சட்டையின் மேல் பொத்தானைப்
போட்டுக்கொள்கிறார்.