முப்பத்தெட்டு நிமிடம்

கோஹவுட்டுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாது.
அதனால்தான் வரச் சொன்னேன்.

மேலிடத்துக் கடிதம் அப்படி:
மொழி ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர்
ஒருநாளாவது உட்கார வேண்டும்.
எங்கள் பள்ளியில் அயல்மொழித் துறை என்றால்
நான், ஒரு சுவர்வரைபடம், மை தீர்ந்த அச்சுப்பொறி.
துறைக்கூட்டம் என் காரில் நடக்கும்,
வீட்டுக்குப் போகிற வழியில்.
தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறும்.

பத்தொன்பது வருடம். என் கதவைத் திறந்து
ஒருவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி. தொண்ணூறு மைல்.
அறுத்த சோளத்தட்டை பனிக்கு மேலே
மழிக்காத தாடைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் சாலையில்
கோஹவுட் வந்தார். ஜெர்மன் நடத்துகிறவர்,
மாலையில் மல்யுத்தம் பழக்குகிறவர்,
நசுங்கிய இடது காது, கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
கடைசி வரிசையில் பிள்ளைகள் நாற்காலிக்குள்
தன்னைத் திணித்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் பிரமாதம்.
சந்தைக்குப் போனேன், தக்காளியை முகர்ந்தேன்,
விலை பேசினேன், கோபித்துக்கொண்டேன்,
எனக்கு நானே மீதிச் சில்லறை கொடுத்தேன்.
பிள்ளைகள் சிரித்தார்கள். மணி அடித்தது.

அவர் தாளில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை.
வகுப்பு: நாற்பத்தேழு நிமிடம்.
நீங்கள் பேசியது: முப்பத்தெட்டு.
கீழே பென்சிலில்,
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம், பச்சைத் தொப்பி.
இரண்டு தரம் வாயைத் திறந்தான்.
இரண்டு தரமும் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"பேச்சு புரியவில்லை, அதனால்
வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றார்,
மன்னிப்புக் கேட்கிறவர்போல.
காபி கொடுத்தேன். சூடு கொஞ்சம் குறைவாக,
வேண்டுமென்றே.

ஒரு வாரம் பாத்திரம் கழுவும்போதெல்லாம்
அவரோடு சண்டை.
அதிலும் முழுக்க நான்தான் பேசினேன்.

பிறகு என் முறை.
ஜெர்மன் எனக்குக் கதவுக்கு அந்தப்பக்கத்துப் பேச்சு.
அவர் ஏதோ கேட்டார்; கேட்டுவிட்டு
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
யாரும் பேசவில்லை.
இன்னும் யாரும் பேசவில்லை.
தெரியாத மொழியில்கூட
நானே பதில் சொல்லிவிடலாம்போலத் தவித்தது நாக்கு.
அவர் கழுத்து சிவந்திருந்தது, பார்த்தேன்:
அவருக்கும் அது சுலபமில்லை.
கடைசியில் ஒரு பையன் முனகினான். பிறகு இருவர்.

நானும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்:
இடப்பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு தரம் கை தூக்கினார்கள்,
பேசியும் பார்த்தார்கள். நீங்கள் திரும்பவேயில்லை.
அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
"இதில் கொஞ்சம் மந்தம். இவ்வளவா?"

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை.
வீட்டில் என்ன சங்கதி என்று ஸ்பானிஷில் கேட்டுவிட்டு
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
வெப்பக்குழாய் டக் டக் என்றது.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
பச்சைத் தொப்பி, வைலி அவன் பெயர்,
வாயைத் திறந்தான்:
என் குதிரை நோயாளி.

அந்த மொழியில் இருப்பதற்கு இரண்டு வினை.
வந்து போவதற்கு ஒன்று, கூடப் பிறந்ததற்கு ஒன்று.
அவன் எடுத்தது இரண்டாவது.
நோய் அந்தக் குதிரைக்குச் சுபாவமாகிவிட்டது,
நிறம்போல, வால்போல.
என் கையில் சிவப்புப் பேனா மீனாய்த் துள்ளியது.
விடவில்லை.

பின்னாலிருந்து பெக்கா கேட்டாள், ஸ்பானிஷிலேயே,
நான் அறையில் இல்லாததுபோல:
அதுக்குப் பேர் என்ன?

சாயங்காலம் கோஹவுட்டுக்குச் செய்தி அனுப்பினேன்:
ஒன்பது விநாடி. ஒரு குதிரை.
ஜெர்மனில் ஒற்றைச் சொல் திரும்பி வந்தது,
ரயில்போல நீளம்.
அகராதியைத் திறக்கவில்லை.
காரில் அதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்,
தப்புத்தப்பாக, வீடு வரைக்கும்.

வியாழன் வருகிறார். கேட்டுக்கொள்ளலாம்.
குதிரைக்கு இன்னும் தேவலையாகவில்லை.