நாலு கல்லு

போதனா வைத்தியசாலையில் எனக்கென்று விழுந்த மெஷினின்
பக்கவாட்டில் ஒரு வெள்ளித் தகடு.
அதில் இலக்கம் 1022117.
நாலு மணித்தியாலம் இடக்கையை அசைக்கக் கூடாது.
வலக்கைக்கு வேலை வேண்டும்.

இரட்டை எண் இல்லை, பார்த்தாலே தெரியும்.
இலக்கங்களைக் கூட்டினேன், பதினாலு. மூன்றால் போகாது.
ஏழால் பிரித்தேன், மீதி ஐந்து.
பதினொன்றுக்கு எட்டு.
பதின்மூன்றுக்குத் திரும்பவும் ஐந்து.
கச்சேரிக்குப் போன ஆட்கள் மாதிரி
ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மீதியோடு திரும்பி வந்தது.

ஆயிரத்துக்குள் முதன்மை எண்கள் நூற்று அறுபத்தெட்டு.
ஒரு கிழமையின் மணித்தியாலங்களும் அவ்வளவுதான்,
அதில் பன்னிரண்டு இந்தக் கட்டிலுக்கு.
நான் அவசரப்படவில்லை.
செவ்வாய், வியாழன், சனி,
மருந்துச் சிட்டைகளின் பின்பக்கத்தில், மாசக் கணக்காக.
ஜன்னலுக்கு வெளியே மினிபஸ்காரன்
கொடிகாமம் கொடிகாமம் என்று
ஒரே சொல்லால் காலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்கு மீதி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
பேனையை மூடினேன்.
"இது முதன்மை எண்" என்றேன் சத்தமாக,
இருபத்தாறு வருஷம் ரியூசன் கொட்டிலில் கத்திய குரலில்.
எதாலும் உடையாத ஒன்றுக்குள்ளால்தான்
என் இரத்தம் போய் வருகிறது என்பதில்
சின்னதாய் ஒரு பெருமை.

பக்கத்துக் கட்டில் அமலதாசன்,
பாஷையூர், மாபிள் பதிக்கிறவர், என்னிலும் பத்து வயசு குறைவு,
முகட்டைப் பார்த்தபடி கேட்டார்:
"எதுமட்டும் பிரிச்சுப் பார்க்கோணும், சேர்?"
வர்க்கமூலம் மட்டும், என்றேன்.
ஆயிரத்துப் பதினொன்றை அதாலேயே பெருக்கினால்
1022121. கொஞ்சம் கூடிப்போகும்.
ஆனபடியால் அதுக்கு இந்தப் பக்கம் போதும்.

"அப்ப நாலு கல்லுத்தானே குறையுது."

நான் பேசவில்லை.

"பக்கத்துக்கு ஆயிரத்துப் பதினொரு கல்லு, சதுர மண்டபம்.
ஒரு மூலையில ரெண்டுக்கு ரெண்டு காணாது.
அந்த ஓரத்து ரெண்டு வரியையும் கிளப்பி
மற்றப் பக்கம் திருப்பி வையுங்கோ.
மூலை சரியா வந்திடும்."

ஆயிரத்து ஒன்பது. ஆயிரத்துப் பதின்மூன்று.
இரண்டும் முதன்மை.
நான் நிறுத்தின இடத்துக்கு அடுத்த கதவு.
நூற்று அறுபத்தெட்டுக் கதவு தட்டினவன்
அதை மட்டும் தட்டவில்லை.
வர்க்கத்தை என் வாயாலேயே சொல்லிவிட்டுக்
கழித்துப் பார்க்கவுமில்லை.

மெஷின் கத்தியது. நேர்ஸ் வந்து குழாயை நிமிர்த்தினாள்.
அமலதாசன் தூங்கிப்போயிருந்தார், அல்லது
கண்ணை மூடியிருந்தார்.

வியாழக்கிழமை எனக்கு வேறு மெஷின்.
எட்டில் முடிகிற இலக்கம், பேனையே எடுக்கவில்லை.
எதிர்ப்பக்கம் 1022117 இல் அவர்.
என்னைக் கண்டதும் ஊசியில்லாத கையைத் தூக்கி
இரண்டு விரல் காட்டினார்,
பிறகு அந்தக் கையைக் குறுக்கே படுக்கவைத்து
இன்னொரு தரம் இரண்டு.