தடைக்கான காரணம்

ராத்திரி எட்டே காலுக்கு
முதலில் மங்கியது பள்ளிக்கூட விளக்கு.
அடுத்தது தொங்கல் லயம்.
யோகராணி வீட்டு டீவியில்
பாதித் தாலியோடு இருண்டுபோனாள் மணப்பெண்.

"சந்தனம்!" என்று கத்தினார்கள்.
இருட்டினால் என் பேர்தான்.
வெளிச்சத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

டோர்ச் எடுத்துக்கொண்டு மலையேறினேன்.
மூன்றாம் கிடங்கு.
வெட்டியவனே நான்தான்;
நானும் பியதிலக்கவும் செத்துப்போன மருதமுத்துவும்,
அனுமதி இல்லாத முப்பத்தொரு இரவு,
இருபத்தாறு அடி.
சவுக்குத் தடி முட்டுக்கொடுத்து, பன்னத் தழை திணித்து,
கூடையில் அலசி அலசிக் கண்டதெல்லாம்
கறுப்பு மணல்.

முதலாளி ராட்டையைக் கழற்றிக்கொண்டு
பொகவந்தலாவைக்கு இறங்கிப் போனார்.
பள்ளத்தை எங்களுக்கு விட்டுவிட்டார்.
ஊற்றெடுத்து நிரம்பியது.
இரண்டு மாடு விழுந்தது.
பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே மாட்டோம்.

பேராதனையில் படித்த ஒரு பெண், ஷாமிலா,
கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தாள்.
"இவ்வளவு தண்ணியையும் சும்மா வச்சிருக்கீங்களே" என்றாள்.
சும்மா இல்லை, பிள்ளை.
பயந்து வைத்திருந்தோம்.

இப்போது கிடங்கின் வாயிலிருந்து ஒரு குழாய்
தேயிலைக்கு நடுவே நாற்பது மீற்றர் சரிந்து
பழைய கொழுந்து மடுவத்தில்
பித்தளைச் சக்கரம் ஒன்றைச் சுற்றுகிறது.
நாற்பத்தாறு வீடு. வீட்டுக்கு மூன்று பல்பு, ஒரு டீவி.
ஹீட்டர் போட்டால் அபராதம்
(போடுவது யாரென்று எல்லாருக்கும் தெரியும்).
நான் சேறு அள்ளுகிறவன்.
அன்றைக்கும் சேறுதான்.
இன்றைக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது.

வலையில் கிழிசல். நண்டு வேலை.
தைத்துவிட்டு, வால்வை அடைத்துவிட்டு,
மடுவத்துக்கு இறங்கி
மூக்குக் குழாயைக் கழற்றினால்
நடுத் துவாரத்தில் குந்தியிருக்கிறது
புளியங்கொட்டை அளவில் ஒரு கல்.

சாரத்தில் துடைத்தேன்.
டோர்ச் வெளிச்சம் அதற்குள் போனது.
நீலமாகத் திரும்பி வந்தது.

முப்பத்தொரு இரவு.
பியதிலக்கவின் பெண்சாதி அடகு வைத்த காப்பு.
ஈரத்தில் நின்று நின்று மருதமுத்துவின் நெஞ்சு.
கும்பிட்டுக் கூப்பிட்டபோதெல்லாம் வராமல்
தானாக வந்திருக்கிறது இப்போது,
நாற்பது மீற்றர் சறுக்கி,
டீவியில் ஒரு கல்யாணத்தை நிறுத்த.

கண்ணாடித் துண்டாகவும் இருக்கலாம்.
லயத்தில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள்:
"இன்னும் எவ்வளவு நேரம்?"

வாஷர்கள் கிடந்த சட்டைப் பையில் அதையும் போட்டேன்.
மூக்கை முடுக்கினேன். வால்வைத் திறந்தேன்.
சக்கரம் இரண்டு தரம் இருமிவிட்டுப்
பிடித்துக்கொண்டது.
கீழே நாற்பத்தாறு வீடும் கத்திய கத்தலில்
என் பேர் இல்லை.

பதிவுப் புத்தகம்.
நின்ற நேரம்: 8.15. வந்த நேரம்: 9.05.
தடைக்கான காரணம்:
பேனையைப் பிடித்தபடி
பல்பைப் பார்த்தேன், பையைத் தொட்டுப் பார்த்தேன்.
பியதிலக்கவுக்குச் சொல்ல வேண்டும்.
மருதமுத்து வீட்டுக்கும்.
விடியட்டும்.

"கல்" என்று எழுதினேன்.
என்ன கல் என்று கேட்க
அதில் கட்டம் இல்லை.