பதினொன்று

ஐந்தாம் நாள் காலை
டாக்டர் சியூ ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.
வைட்டமின் டி: பதினொன்று.
இருபதுக்கு மேலாவது இருக்கவேண்டும் என்றார்.
ஜன்னலுக்கு வெளியே
கார்களின் கூரையில் வெயில்
எண்ணெய் காய்ந்த சட்டிபோல் மின்னியது.

பூமத்திய ரேகை இங்கிருந்து எவ்வளவு தூரம்?
கேட்டது நான்தான்.
அவர் சிரிக்கவில்லை.

மூன்று வாரம் முன்பு ஒரு சாதாரணக் காய்ச்சல்.
வகுப்பில் பாதிப் பேருக்கு வந்து போனது.
பத்தாம் மாடி இர்ஃபான்
இரண்டு நாள் படுத்தான், மூன்றாம் நாள் பந்தோடு போனான்.
மிருதுளாவுக்கு மட்டும்
போனது திரும்பி வந்தது, வேறு முகத்தோடு:
கண் சிவந்து, உதடு வெடித்து,
மார்பெல்லாம் தடித்து,
உடம்பு தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டதுபோல.
கிருமி போய்விட்டது என்றார்கள்.
சண்டைதான் நிற்கவில்லை.

மிஸ்ஸி வந்து கையில் நரம்பு தேடும்போதெல்லாம்
"அப்பா, லைட்டை அணைங்க" என்பாள்.
கண் கூசுகிறது, நோயின் குணம் அது.
பழக்கமில்லையோ
என்றான் எனக்குள் ஒருவன்.

நான் இரவில் வேலை செய்பவன்.
கடைசி ரயில் போனபின் சுரங்கத்தில் இறங்கி
தண்டவாளத்தில் விரிசல் தேடுபவன்.
செங்காங் வீட்டில் பகல் என்பது
கனத்த கருநீலத் திரை.
ஒரு கீற்றுகூட விடாது என்றார் விற்றவர்.
விடவில்லை.
பள்ளி விடுமுறைகளில்
அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்
சத்தமில்லாமல் விளையாடக் கற்றுக்கொண்டாள்.
பொம்மைகளும் கிசுகிசுத்துத்தான் சண்டை போட்டன.

கீழே இறங்கினால் மட்டும்?
புளோக்கிலிருந்து ரயில்வரை கூரை,
ரயிலிலிருந்து பள்ளிவரை கூரை.
மழைக்காகப் போட்டது.
நாலு மணிக்குத் துணைப்பாடம்.
மச்சான் கல்யாணத்துக்கு முன்
கறுத்துப்போவாள் என்று நீச்சலை நிறுத்தினாள் மனைவி;
நானும் தலையாட்டினேன்.
எங்கள் வீட்டில் ஒழுங்காக வெயில் வாங்கியவை
ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கிய
துண்டுகள்தான்.

அப்போ இதனால்தானா, டாக்டர்?
என் குரலில் ஆசை இருந்தது.
குற்றவாளி கிடைத்துவிட்டால்,
அது நானாகவே இருந்தாலும்,
வழக்கு முடிந்துவிடுமே.

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
அளவு குறைந்த பிள்ளைகளுக்குக்
கடுமையாக வருவதைப் பார்க்கிறோம்.
ஆனால் அழற்சியே அளவை இறக்கவும் கூடும்.
எது முன்னே, எது பின்னே,
இந்தத் தாள் சொல்லாது.

சுரங்கத்தில் எனக்கு இது தெரியும்.
விரிசல் இருக்கும் இடத்தில் துருவும் இருக்கும்.
துரு விரிசலைத் தந்ததா,
விரிசல் வழியே துரு வந்ததா?
அறிக்கையில் இரண்டையும் எழுதுவேன்.
நடுவில் 'ஆகவே' போடமாட்டேன்.

இங்கே போடத் துடித்தது கை.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
வீட்டுக்கு அனுப்பும்போது
கட்டைவிரல் அளவில் ஒரு புட்டி, சொட்டுமருந்து.
நாக்கில் விழுந்ததும் முகம் சுளித்தாள்;
மீன் நாற்றமாம்.

இன்று காலை எட்டு மணி,
தூக்கம் இமையை இழுக்க
திரைக்குக் கை நீட்டினேன்.
வெளியே தாழ்வாரத்தில் செருப்பில்லாமல் அவள்
தோல் உரியும் விரல்நுனிகளை
இர்ஃபானிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.
சுவரேறி வந்த வெயில்
அவள் முழங்கைவரை வந்திருந்தது.
இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

தூங்கிவிட்டேன் போல.
விழித்தபோது என் ஒரு கன்னம் மட்டும் சுட்டது.
அவன் போய்விட்டிருந்தான்.
அவள் உள்ளே,
திறந்த ஜன்னலடியில்,
அப்பா தூங்குறார் என்று
பொம்மைகளை அடக்கிக்கொண்டிருந்தாள்.