மீதி

நான்
முதன்முதலில் முழுதாய் வாசித்தது
என் சம்பளச் சீட்டை:
‘ஈமச் சங்கம், பதினொரு ராண்ட்.’
நான் சேராத சங்கம்.
நான்கு வருஷமாய் வெள்ளிதோறும்
தவணை முறையில் செத்திருக்கிறேன்.

“யாரு படிச்சுச் சொன்னா, கோகிலம்?”
சூப்பர்வைசர் தனபாலனுக்குச் சிரிப்பு.
யாருமில்லை என்றேன்.
அந்தச் சொல் இன்னும் நாக்கில் இனிக்கிறது.
பணம் பாதிதான் திரும்பியது.

இப்போது சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் நாவல்.
நேற்று நாயகி ஆற்றில் இறங்கிய பக்கத்தில்
என் நிறுத்தம் போய்விட்டது.
மழையில் திரும்பி நடந்தேன்,
கரையேறினாளா என்ற கவலையோடு.

வெட்டுமேசையில் மிஞ்சும் பழுப்புத் தாளில்
நானும் எழுதுகிறேன்,
சட்டைக்கை வரைந்த கோட்டுக்கு வெளியே,
பென்சில் மழுங்கும்வரை.
ஒரு துண்டு தவறிப்
பொத்தான் பிரிவுக்குப் போய்விட்டது.
டீ வேளையில் சலாச்சி வந்தாள்,
தாளை நீட்டினாள்:
“இதோட மீதி எங்கே?”